ஒன்பதாவது கேள்வி

ஐந்து ரோட்டுத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில்
மருந்துக்கடைக்கு எதிரே
இன்சூரன்ஸ் என்று எழுதிய கண்ணாடிக்குப் பின்னால்
எட்டு மணி நேரம் நான்.

கார்டை வாங்குவேன். நகல் எடுப்பேன். அனுப்புவேன்.
கம்பெனியின் பதில் வரும்வரை
எதிரே நிற்பவர்கள் என் முகத்தைப்
பரீட்சை முடிவு போலப் பார்த்திருப்பார்கள்.

மாங்காய் மண்டிக்காரருக்கு
இரண்டு லட்சத்து எண்பதாயிரம் அப்படியே வந்தது.
பஞ்சுக்கும் கையுறைக்கும் மட்டும் கைக்காசு,
அதற்கும் என்னிடம்தான் சண்டை போட்டார்.
டீ மாஸ்டர் பழனியாண்டிக்கு ஒரு பைசா வரவில்லை.
படிவத்தில் சர்க்கரை இல்லை என்று இருந்தது.
அவர் எழுதியதல்ல, ஏஜென்ட் எழுதியது.
கையெழுத்து மட்டும் அவருடையது.
அவர் மனைவி
தோட்டின் திருகாணியைத் தடவிக்கொண்டே கேட்டார்:
'இப்ப மொத்தம் எவ்வளவுங்க ஆகும்?'

இவ்வளவும் பார்க்கிற எனக்குப்
பாலிசி கிடையாது.

முன்பு இரண்டு வருஷம் கட்டினோம்.
ஒரு காய்ச்சல்கூட வரவில்லை.
வராததற்கு வருத்தப்பட்டோம் என்றால் நம்புவீர்களா?
முப்பத்தாறாயிரம் போச்சே என்று
நாலு பேரும் கல்லுக்குண்டாட்டம் உட்கார்ந்து
புலம்பினோம்.
மூன்றாம் வருஷம் யாழினிக்குப் பள்ளிக்கட்டணம் வந்தது,
பாலிசி போனது.

அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்குப் போனால்
எங்கள் இரண்டு சம்பளமும் சேர்ந்து
வரம்பைத் தாண்டிவிட்டதாம்.
தாண்டி எங்கே வந்து நிற்கிறோம் என்றுதான்
தெரியவில்லை.

இப்போது இன்னொரு கம்பெனி, இன்னொரு படிவம்.
கொண்டுவந்தவர் பெயரே ஆரோக்கியதாஸ்.
வருஷத்துக்கு இருபத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது.

'அத சீட்டுல போட்டா நம்ம காசு நம்மகிட்டயே இருக்கும்'
இது இவர்.
'ஐசியூல ஒரு நாளைக்கு எவ்வளவு தெரியுமா?'
இது நான்.
'பெரியாஸ்பத்திரி எதுக்கு இருக்கு?
எந்தம்பி கால அங்கதான நேராக்குனாங்க?'
அதுவும் பொய்யில்லை.
நேற்றுகூட அவன் பந்து விளையாடினான்.

ராத்திரி பத்தரைக்குப் படிவத்தை விரித்தேன்.
பக்கத்தில் பிரிக்காத தட்டுவடை செட் பொட்டலம்.
நான் படிக்க, அவர் சொல்ல, நான் டிக் அடிக்க.
ரத்தக் கொதிப்பு? இல்ல.
ஆஸ்துமா? இல்ல.
அறுவைச் சிகிச்சை? அதான் தெரியுமே, இல்ல.
ஒன்பது.
கடந்த நான்கு ஆண்டுகளில்
நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு?

பேனா 'இல்லை' கட்டத்தின் மேலேயே போய் நின்றுவிட்டது.
குரல் வரவில்லை.

'ஏற்காட்டுக்குக் காய்கறி ஏத்திட்டுப் போறப்ப
பதினாலாவது கொண்டை ஊசில
வண்டிய ஓரங்கட்டுவேன்.
இன்ஜின் சூடாயிடுச்சுன்னு கிளீனர் பையன்கிட்டச் சொல்லுவேன்.'
தட்டுவடைப் பொட்டலத்தின் நூலை
விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.
'சூடாறது இன்ஜின் இல்ல.'

எத்தனை தடவை?
ரெண்டு. மூணு இருக்கும்.
எப்ப இருந்து?
மே மாசம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்துல மொதல் தடவ.

பன்னிரண்டு வருஷமாக ஒரே பாயில் படுக்கிறோம்.
நான் கேட்காததை
எந்த ஊரிலோ இருக்கிற ஒரு கம்பெனி
கேட்டுவிட்டது.

ஆம் என்று போட்டால்
பிரீமியம் ஏறும், இல்லை படிவமே திரும்பி வரும்.
இல்லை என்று போட்டால்
என்றைக்காவது ஒரு நாள் என் கம்ப்யூட்டருக்கே
அந்தப் பதில் வரும்.
நானே படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் நானே நின்று.

'காலையில என்னோட ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஈசிஜி எடுக்கணும்.'
'லோடு இருக்குதே.'
'இருக்கட்டும்.'
'அப்ப பாலிசி?'

பேனா மூடியைத் தேடினேன்.
பீரோவுக்கு அடியில் உருண்டு போயிருந்தது.
எடுத்துத்தர இறங்கியவரிடம் சொன்னேன்:
'நீங்க குனியாதீங்க.'