பதினெட்டு

இருபதுக்கு மேல முடுக்கினா
வைக்கோல் ஒரு பக்கமாச் சாயும்.
அதனால பதினெட்டு.
நூறுல பறக்கிற ரோட்டுல
நான் பதினெட்டு.

எங்க வயலுக்கும் களத்துக்கும் நடுவுல
கூப்பிடு தூரம்தான் இருந்துச்சு.
நாலுவழிச்சாலை வந்து குறுக்க படுத்த பிறகு
கூப்பிட்டா லாரி ஆரன்தான் பதில் சொல்லுது.
நடுவுல அரளி வச்சிருக்காங்க. நல்லாப் பூக்குது.
அரளிக்கு அங்கிட்டுப் போக
மேலூர்ப் பக்கமா ரெண்டே முக்கால் கிலோமீட்டர் போயி
வளைஞ்சு
மதுரையைப் பார்த்து ரெண்டே முக்கால் திரும்பி வரணும்.

இல்லைன்னா எதிர்த்தாப்புல ஏறி
ஓரமா நானூறு அடி.
வீரணன் அப்படித்தான் போவான்.
மாசி மாசம் அவன் வண்டியைத் தூக்கி நிறுத்தினப்ப
மிச்சம் பிடிச்ச டீசல்
டேங்குல அப்படியே இருந்துச்சு.

மேலூர் மண்டபத்துல கூட்டம் போட்டாங்க.
இடது ஓரமாப் போ,
பின்னால சிவப்புப் பட்டை ஒட்டு,
பாரம் பக்கவாட்டுல பிதுங்கக் கூடாது,
தொட்டியில ஆள் ஏத்தாதே.
எல்லாம் சரிதான். வடையும் சூடா இருந்துச்சு.
கேள்வி இருந்தாக் கேளுங்கன்னாரு இன்ஸ்பெக்டரு.
நான் எந்திரிச்சேன்.
ஐயா, டிராக்டரும் தொட்டியுமா என் வண்டி முப்பது அடி.
திரும்புற இடத்துல நடுவுல விட்டிருக்கிறது பதினஞ்சு அடி.
தலை அந்த ரோட்டுக்குக் காத்திருக்கிற நேரம்
வாலை நான் எங்க வைக்க?

அவரு பேனாவை மூடினாரு, திறந்தாரு.
குறிச்சுக்கிறேம்மான்னாரு.
குறிக்கவும் செஞ்சாரு, பார்த்தேன்.

அன்னைக்கு ராத்திரி எட்டரை.
வைக்கோல் தொங்கி பின் விளக்கை மூடிருச்சு.
அது எனக்குத் தெரியாது.
சேவுகன் தொட்டிக்குப் பின்னால
எங்க கல்யாண சிடியைக் கட்டி விட்டிருந்தாரு.
பிளேயர் செத்து ஆறு வருசமாச்சு,
வேற எதுக்கு ஆகும்னு.
பொண்ணழைப்புல இருந்து பந்தி வரைக்கும்
மொய் எழுதின அத்தனை சனமும்
கயித்துல சுத்திக்கிட்டே என் பின்னால வந்திருக்கு.

இடைவெளியில மூக்கை நுழைச்சு நின்னேன்.
அந்தப் பக்கம் கார், கார், பஸ், கார்.
பதினெட்டுல வந்தவளுக்கு
நிக்கிற நேரம்தான் ரொம்ப வேகமாப் போகும்.
அப்பத்தான் பின்னால டயர் அலறுச்சு.
ரப்பர் கருகின வாடை
வைக்கோலைத் தாண்டி என்கிட்ட வந்துச்சு.

சத்தம் நின்னுச்சு. இடி விழல.

நாமக்கல் முட்டை லாரி. காலி அட்டைதான்.
டிரைவர் இறங்கி வந்தாரு,
திட்டுறதுக்கு வாயைத் திறந்துக்கிட்டே.
தொட்டிக்குப் பின்னால நின்னு கேட்டாரு:
இது என்னக்கா?
கல்யாணம்.
யாரு கல்யாணம்?
என்னுதுதான்.
ஒத்தக் கண்ணு மாடுன்னு நினைச்சேன்,
இல்லைன்னா மிதிச்சிருக்கவே மாட்டேன்னாரு.
கை நடுங்குச்சு அவருக்கு. எனக்குக் காலு.

அதுக்கு மேல ஒண்ணும் பேசல.
லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு
செல்போன் வெளிச்சத்தை ஆட்டி ஆட்டி
மதுரைக்குப் போற ரோட்டை
ஒத்தை ஆளா நிறுத்தினாரு.
ஒரு கார்க்காரன் ஆரனை எடுக்கவே இல்லை.
முப்பது அடியும் திரும்பி முடிய
அவ்வளவு நேரம் ஆச்சு.

மறுநாள் சிவப்புப் பட்டை வாங்கினேன்.
வைக்கோல் தொங்காத உயரம் பார்த்து
நானே ஒட்டினேன்.
விளக்கைக் கீழே இறக்கி மாட்டினேன்.
பாரம் ரெண்டு நடை ஆச்சு, ஆகட்டும்.
சிடியை அவுக்கட்டுமான்னு கேட்டாரு சேவுகன்.
கிடக்கட்டும்.

செய்யச் சொன்னதையெல்லாம் செஞ்சாச்சு, ஐயா.
என் பக்கம் பாக்கி ஒண்ணும் இல்லை.
நேத்துப் போறப்ப டேப் வச்சு அளந்தேன்:
பதினஞ்சு அடிதான், இன்னும்.
அந்த நோட்டு உங்க மேசையில
எந்தக் காகிதத்துக்கு அடியில இருக்கு?