கேபிளைப் பிடுங்கும் முன்

கருங்கல் சந்திப்பில், ரப்பர் ஷீட் கடைக்கு மேலே
ஒன்றரை அறை எனக்கு.
புகைபோட்ட ஷீட்டின் வாடை
கீபோர்டு இடுக்கில்கூட உண்டு.

ராபின்சன் அண்ணனின் மண்டபத்து வெப்சைட்டை
யாரோ உடைத்துவிட்டார்கள்.
மணமேடை இருந்த இடத்தில்
சீட்டாட்ட விளம்பரம் கண்ணடிக்கிறது.
'விடியுமுன்ன பழையபடி ஆக்கணும் கேட்டியா,
நாளைக்கு ரெண்டு பார்ட்டி பாக்க வருவாவ.'

கையில் இருப்பது ஆகஸ்ட் பத்தொன்பதின் பேக்கப்.
இன்று முப்பது.
அப்படியே தூக்கி வைத்துவிடலாம்தான்.
அளவு பார்க்காமல் கதவு மாட்டுகிற ஆசாரியா நான்?

எனவே முதலில் என் கணினிக்குள்.
127.0.0.1
நடுவில் இரண்டு பூஜ்யம்.
எல்லாக் கணினிக்கும் இதே முகவரி,
அவரவர் தட்டினால் அவரவர் வீடுதான் திறக்கும்.
ஊரெல்லாம் சுற்றிய தபால்காரர்
எழுதியவன் கையிலேயே
கடிதத்தைக் கொடுப்பதுபோல.

முதலில் வெள்ளைப் பக்கம்.
அப்புறம் கடவுச்சொல் தவறு.
மூன்றாம் முறை, பதினொன்று நாற்பதுக்கு,
மண்டபம் எழுந்து நின்றது.

ஏசி ஹால் வாடகை இன்னும் நாற்பத்திரண்டாயிரம்.
நான் திருத்திய பிழை திரும்பி வந்திருக்கிறது:
மணமகன் அறை இரண்டு,
மணமகள் அறையே இல்லை.
யாரும் பார்க்கவில்லை.
செருப்போடு மேடைவரை நடந்தேன்.

செப்டம்பர் ஆறு, சிவப்புக் கட்டம்.
அஜின் சேவியர், நிஷா ரெஜினா.
இருபத்து நான்காம் தேதி
நானேதான் அதை வெள்ளையாக்கினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'சொந்தக் காரணம்' என்று அடித்ததும் நான்தான்.

அப்போதுதான் மூலையில் பார்த்தேன்,
'நினைவூட்டல் அனுப்பப்பட்டது: 1'.

ஐயோ.
பேக்கப்போடு எஸ்எம்எஸ் சாவியும் வந்திருக்கிறது.
நகலுக்குத் தான் நகல் என்று தெரியாது.
முதல் ஆள் உள்ளே நுழைந்ததும்
பாக்கி வேலையைத் தொடங்கிவிட்டது.
அந்த முதல் ஆள் நான்.

கேபிளைப் பிடுங்கினேன்.
வரிசையில் நின்ற மற்றதெல்லாம் அப்படியே நின்றன.
ஒன்று போய்விட்டிருந்தது.

மண்டபத்து நம்பர் ராத்திரியில் என் போனுக்குத்தான் வரும்.
வந்தது.
பின்னால் முட்டம் துறைமுகத்தின்
ஐஸ் உடைக்கிற மெஷின்.

'அக்கா, மெசேஜ் வந்துது. இன்னும் ஏழு நாளாம்.'

'தப்பாப் போச்சு தம்பி.
அது இங்க மட்டும் நடக்கவேண்டியது.'

'இங்கன்னா?'

'என் கம்ப்யூட்டர்ல.'

கொஞ்ச நேரம் ஐஸ் மட்டும் உடைந்தது.

'அதுல நாங்க ரெண்டு பேரும் இருக்கமா?'

'இருக்கிய. சிவப்புக் கட்டத்துல.'

'செரி.'

வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.
தொண்டையைச் செருமினான்.
'அட்வான்ஸ் எட்டாயிரம் இன்னும் வரல்ல.
அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லுவியளா?'

ஷீட் கடை பில்லின் பின்புறத்தில் குறித்தேன்:
நாற்பத்தைந்தாயிரம்.
மணமகள் அறை.
பத்தொன்பதுக்குப் பிறகு வந்த இரண்டு புக்கிங்.
ஆறாம் தேதி வெள்ளை.
எட்டாயிரம், இதை அடிக்கோடிட்டு.

சாவியை உருவிவிட்டு,
உடைந்த பூட்டை மாற்றிவிட்டு,
இரண்டு ஐம்பதுக்குக் கேபிளைச் சொருகினேன்.
மண்டபம் ஊருக்குத் திறந்தது,
பத்தொன்பதாம் தேதி எப்படி இருந்ததோ அப்படியே.

வாடகையை மாற்றி
அறையின் பெயரை மாற்றி
காலண்டருக்கு வருவதற்குள்
நான்கு நிமிடம் ஆகிவிட்டது.
அந்த நான்கு நிமிடமும்
அஜினுக்கும் நிஷாவுக்கும் கல்யாணம்,
உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆறாம் தேதியை வெள்ளையாக்கிவிட்டு
கணக்கைப் பார்த்தேன்.
இரண்டு ஐம்பது முதல் இரண்டு ஐம்பத்து நான்கு வரை
பார்வையாளர்: ஒருவர்.

அது நானாகவும் இருக்கலாம்.