நான்கு நிமிஷ வெயில்

வான்ரைன்ஸ்டோர்ப்பில் ஜூன் மாத வெயில்
ஐந்து மணிக்கே முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும்.
நான் அதற்கும் கீழே இறங்க வேண்டும்.
முழங்கை, தாடை, வயிறு
எல்லாம் வெள்ளைப் படிகக் கற்கள் மேல்.
மாட்டுவண்டிச் சக்கரங்கள் இங்கே நறநறத்தனவாம்,
இந்த வெளிக்குப் பெயரே அதுதான்.
இன்று நறநறப்பது என் பெல்ட் பக்கிள்.

வாரத்தில் ஐந்து நாள்
ஃப்ரெடென்டால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க.
ஆஃப்ரிகான்ஸில் எனக்குத் தடுமாறாமல் வருவது
இந்த மூன்றுதான்.
சனிக்கிழமை அவற்றை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.
பிடித்த மூச்சில்தான் கேமரா ஆடாது.

முதல் தடவை எதுவுமே தெரியவில்லை.
வெள்ளைக் கல், வெள்ளைக் கல், வெள்ளைக் கல்.
யொஹானா ஃபோர்ட்டுயின்,
காப்பகக் காவலர்,
பூட்ஸை எங்கே வைப்பதென்று யோசித்து யோசித்துக்
கொக்கு மாதிரி நடப்பவர்,
"இன்னும் இருபது நிமிஷம் பொறு" என்றார்.
இருபதாவது நிமிஷத்தில்
கற்களில் சில
கற்களாக இருப்பதை நிறுத்தின.

உச்சிவெயிலில் எல்லாம் ஒரே வெள்ளை.
சாய்வெயிலைக் கல் திருப்பி எறிகிறது,
செடி உள்ளே விட்டுக்கொள்கிறது.
கட்டைவிரல் நகம் அளவில் இரண்டு இலை,
நடுவே ஒரு பிளவு,
ஓரமெல்லாம்
பின்னாலிருந்து டார்ச் அடித்த காதுமடலின் சிவப்பு.

டோங்காட்டில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன்.
"என்னடி இது, புளியங்கொட்டையா?"
அவளிடம் மிச்சமிருக்கும் தமிழில்
கள்ளி இருந்தது, அதைச் சொன்னேன்.
முள் எங்கே, பால் எங்கே என்றாள்.
இரண்டும் கிடையாதும்மா,
ஒளிந்துகொள்ளத் தெரியும், அவ்வளவுதான்.
"அப்போ சரியான கள்ளிதான்."
சிரிப்பில் போன் கரகரத்தது.

அந்தப் படத்தை ஊரெல்லாம் பார்க்கப் போட்டேன்.
யொஹானா சொன்னபடி
அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம்
எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான்.
மேல்மூலையில் மங்கலாக
ஒரு தட்டைத்தலைக் குன்று இருந்தது.
அதன் இடத்தோளில் ஒரு மின்கம்பம்.
நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு நீளம்,
அதுவும் ஒரு முகவரி என்று
எனக்கு யார் சொல்ல வேண்டியிருந்தது?
நிழலைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு?

ஆகஸ்ட்டில் போனபோது
நாற்பத்தொரு குழிகள்.
கரண்டியால் தோண்டியவை.
யொஹானா இரண்டு தடவை எண்ணினார்.
என் படத்தாலா என்று கேட்டேன்.
"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
யாரும் படமே எடுக்காத சரிவிலும்
போன மாதம் தோண்டினார்கள்."
ஆறுதலா, வேறெதுவுமா,
அந்தக் குரலில் பிடிபடவில்லை.
அட்டைப்பெட்டியில், டாய்லெட் பேப்பர் சுற்றி,
எந்த நாட்டு ஜன்னலோரத்துக்கோ போயிருக்கும் என்றார்.
அங்கே தினமும் தண்ணீர் ஊற்றிக் கொல்வார்களாம்,
அன்பாக.

"வந்தது வந்தாய், எடு. கேஸுக்கு வேண்டும்."

பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தேன்.
ஒன்று. இரண்டு. பதினேழு.
ஒவ்வொரு குழியிலும் ஒரு கரண்டி இருட்டு,
விளிம்பில் பொன் கோடு.
சாய்வெயில் பேதம் பார்ப்பதில்லை,
குழியையும் அழகாக்கிவிடுகிறது.
அதைத்தான் தாங்க முடியவில்லை.
முப்பதாவதில் மூச்சைப் பிடிக்க மறந்தேன்,
அந்த ஒன்று மட்டும் கலங்கிப் போயிற்று.
கோர்ட்டில் அதையும் கொடுத்திருக்கிறார்கள்.

ஜீப்புக்குத் திரும்பும் வழியில்
எனக்கு முன்னால் நடந்த பூட்ஸ்
சட்டென்று ஓர் இடத்தைச்
சுற்றிப் போயிற்று.
நான் கேட்கவில்லை.
அவரும் திரும்பவில்லை.
அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து
நானும் சுற்றிப் போனேன்.
கேமரா பைக்குள் இருந்தது.
வெயில்
இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது.