கடைச்சன்னல் நோய்

தொங்கு ரயில் தலைக்கு மேல் முனகிப்போகும்
ஃபோவிங்கல் தெருவில்
காதுக்கருவிக் கடை என்னுடையது.
என்னுடையது என்றால், சம்பளத்துக்கு.

செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு
ஓர் அம்மாள் சன்னலுக்கு வெளியே வந்து நிற்பார்.
பச்சை மழைச்சட்டை, கையில் வலைப்பை.
ரப்பர் காதுகளை ஒன்றுவிடாமல் பார்ப்பார்,
நகை பார்ப்பதுபோல.
மூன்று நிமிடம். சில நாள் நான்கு.
நெற்றி உயரத்தில் மூச்சுக்கறை ஒரு வட்டம் விட்டு
நகர்வார்,
கல்யாண கவுன் கடைக்கு,
பிறகு சாவி வெட்டுகிறவரிடம்,
அப்புறம் சவப்பெட்டிக்காரரிடம்.

மார்ச்சில் வியாபாரம் மந்தம்.
கதவைத் திறந்து கூப்பிட்டேன்:
சோதனை இலவசம், உள்ளே வாங்க.

"என் காதுக்கு என்ன? அடுத்த தெரு நாய் இருமினால் கேட்கும்.
கெண்டைக்கால்தான்.
எண்பதாவது எட்டில் ஒருவன் வந்து
துணி பிழிவதுபோல் பிழிகிறான்.
நின்றால் விட்டுவிடுகிறான்.
சும்மா நின்றால் பாவம் என்பார்கள்.
சன்னலைப் பார்த்து நின்றால் வாடிக்கையாளர்."

ரோஸ்விதா ப்ரெங்கல்.
முப்பத்தொரு வருடம் இதே தெருவில் தபால் போட்டவர்.
நாற்காலி கொடுத்தேன். காலணியைக் கழற்றினார்.
இடது பாதம் மீன்கடைப் பலகைபோல் சில்லென்று.
முழங்காலுக்குக் கீழே முடியே இல்லை.
"மழிக்கிற வேலை மிச்சம்" என்றார்.
இடுப்பு நரம்பு என்று இரண்டு வருடம் ஊசி.

இந்த நோய்க்கு எங்கள் மொழியில்
டாக்டர் வைத்த பெயர் ஒன்று, தெரு வைத்த பெயர் ஒன்று.
தெரு வைத்தது: கடைச்சன்னல் நோய்.
பெயர் எனக்குத் தெரியும்.
ஐந்து மாதம் அதைச் சன்னலுக்கு உள்ளேயிருந்து
பார்த்துக்கொண்டிருந்தவளும் நானே.

"நீயும் வா, அங்கே முணுமுணுப்பார்கள்" என்றார். போனேன்.
கையில் ஒரு பட்டை, கணுக்காலில் ஒரு பட்டை,
குளிர்ந்த பசை, பேனா மாதிரி ஒரு கருவி.
கையில் ரத்தம் சாட்டை சொடுக்கியது.
கணுக்காலில்
பூட்டிய வீட்டுக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
ஒலியை விற்றுப் பிழைப்பவள் நான்.
எண் வருமுன்பே தெரிந்துவிட்டது.

கை நூற்றைம்பது, கணுக்கால் எண்பத்தேழு.
வகுத்தால் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.
"நூறு கடிதத்தில் ஐம்பத்தெட்டுதான் போய்ச் சேருகிறதா?
என் காலத்தில் வேலையைவிட்டே தூக்கியிருப்பார்கள்."

டாக்டர் ஒக்தாய் சிரிக்காமல் எழுதினார்:
ரத்தம் திரளாமலிருக்க ஒரு மாத்திரை,
கொழுப்புக்கு ஒன்று.
சிகரெட் கூடாது.
பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டார் ப்ரெங்கல்,
லிஃப்ட் வரை போய்த் திரும்பி எடுத்தார்,
ரயில் நிலையத்தில் மறுபடி போட்டார்.
நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கடைசி மருந்து நடை.
வலி வரும்வரை நட. வந்தபிறகும் கொஞ்சம் நட.
நில். விட்டதும் மறுபடி நட.
"இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்!"
"இல்லை, வலிக்கு முன்பே சன்னல் தேடுகிறீர்கள்.
பெரிய குழாய் அடைத்திருக்கிறது,
சந்துகள் அகலமாக வேண்டும்.
பலூன் வைப்பது அப்புறம், தேவைப்பட்டால்."
சந்து என்றதும் தபால்காரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஏப்ரல், மே.
ஜூனில் ஒரு வாரம் வரவேயில்லை.
சவப்பெட்டிக்காரரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.
பிறகு வந்தார். சளியாம்.
சன்னலில் நின்றார், என்னை முறைத்தார்,
விரலால் எண் காட்டினார்: நூற்றுநாற்பது எட்டு.

ஆகஸ்டில் ஒரு வெள்ளி
பச்சை மழைச்சட்டை என் கடையைத் தாண்டியது.
தலைகூடத் திரும்பவில்லை.
வெளியே ஓடி வந்து பார்த்தேன்.
கல்யாண கவுன் கடை, அதையும் தாண்டினார்.
சாவிக்கடையில் நின்றார், காலை உதறினார்,
சாவிக்காரரிடம் ஏதோ சண்டை.

மாலையில் கண்ணாடி துடைக்கப் போனேன்.
நெற்றி உயரத்தில் வட்டம் இல்லை.
துணியை நனைக்காமலே மடித்து வைத்தேன்.