அங்க அடையாளம்

செக்காலை ரோட்டு நெட் சென்டரில்
பாஸ்போர்ட் படிவம் நிரப்புகிறேன்,
ஈப்போவுக்குச் சமைக்கப் போகும் சாத்தையாவுக்கு.

கண்ணுக்குத் தெரியும் அடையாளம்?
சட்டைக்கையை ஏற்றி
முழங்கையைத் திருப்பிக் காட்டினார்.
'ஸ்கார்' என்று தட்டினேன்.

அப்படின்னா?
தழும்பு.
அது தெரியுது. அந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சு?

கரண்ட் இருந்தது, கூட்டம் இல்லை.
தேடினேன்.
ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து,
அதற்கு லத்தீனிலிருந்து,
அதற்கும் முன்னால், கிரேக்கத்தில்,
அடுப்பு என்று பொருளாம்.
அடுப்பு, சுட்ட புண்ணின் பொருக்காகி,
பொருக்கு உதிர்ந்த பின்னும்
போகாமல் கிடப்பதாகி…

எனக்குப் பெருமை தாங்கவில்லை.
முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்பவர் நீங்கள்,
பொருத்தத்தைப் பாருங்கள் என்றேன்.

சட்டைக்கையை இறக்கிவிட்டார்.
இது அடுப்புல பட்டதில்ல தம்பி.
மசக்கையில மாவடு கேட்டா.
கோட்டையூர்த் தோப்புல ஏறினேன்,
கிளை முறிஞ்சுபோச்சு.
வடுவை மட்டும் விடல.

எந்த வடுவை என்று
நான் கேட்கவில்லை.

படிவத்துக்கு ஐம்பது ரூபாய் வாங்கினேன்.
கிரேக்கத்துக்கு
ஒன்றும் வாங்கவில்லை.