எல்லாம்

படிவத்தில் ஆறாவது கட்டம்:
எதைச் சோதிக்க வேண்டும்?
பவளராணி, முத்தையன்கட்டு, இடதுகரை,
நீல மையில் ஒரே சொல் எழுதியிருந்தாள்:
எல்லாம்.

நெக்டோ போத்தலில் கிணற்றுத் தண்ணீர்.
எத்தனை தரம் கழுவியும் போகாத சிவப்பு
மூடியின் புரிக்குள்.
ஜெயசுதன் சிரித்தான்.
எல்லாவற்றையும் கேட்கிற கருவி
கிளிநொச்சியில் இல்லை,
உலகத்திலும் இல்லை, என்றேன்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காது.
கண்ணாடி மின்வாய்க்குப் புளிப்பு மட்டும் கேட்கும்.
பக்கத்தில் புளோரைட்டுக்கென்று இருப்பது
யார் கூப்பிட்டாலும் திரும்பாது,
காரம் கூடினால் மட்டும் கொஞ்சம் ஏமாறும்.
சுவாலையில் தெளித்தால்
உப்பு மஞ்சளாய் அலறும்.
கட்மியம் அப்படியில்லை.
தனக்குரிய ஒளியை விழுங்கிவிடும்,
குறைந்ததை அளந்துதான்
அது இருந்ததென்று அறிவோம்.
நிரலுக்குள் விட்ட கலவை
சந்தைக்குள் நுழைந்த சனம்:
ஒட்டாதது முதலில் வெளியே வரும்,
கடை கடையாய் நின்று கதைப்பது கடைசியில்.

அன்றைக்கு வரிசையில்
முறிகண்டித் தேன் இருந்தது,
பூவா கரும்பா என்பதை அதன் காபனே சொல்லும்,
கேட்கத்தான் கொழும்புக்கு அனுப்பவேண்டும்.
நாயாற்றுக் கருவாடு, போமலின் சந்தேகம்.
விசுவமடுவில் பிடுங்கிய கத்தரிக்காய்.
காணி துப்புரவாக்கும் ஒருவர்
சொப்பின் பையில் மண் கொண்டுவந்து
வெடித்ததில் மிச்சம் ஏதும் கிடக்குமோ என்றார்,
பிறகு அந்தக் கேள்விக்காக மன்னிப்பும் கேட்டார்.

பவளராணியின் தண்ணீர் காத்திருந்தது.
உலைக்கு ஆகன் வேண்டும்,
சிலிண்டர் ஏற்றிய லொறி
ஓமந்தையில் அச்சு முறிந்து கிடந்தது.
ஒன்பதாம் நாள் வாயு வந்தது.
மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
திரையில் பாதி ஏறிய சிகரம்
ஏறிய இடத்திலேயே அணைந்தது.
திரும்பவும் வெற்று மாதிரியிலிருந்து.

வியாழக்கிழமை அவள் வந்தாள்.
விரல் வைத்து வரி வரியாய் வாசித்தாள்.
புளோரைட்டு, ஒன்று தசம் ஒன்பது.
"கூடத்தான், பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ" என்றேன்.
"பல்லில பழுப்பு விழேக்கையே நினைச்சனான்."
விரல் கீழே இறங்கியது.
ஈயம், ஆசனிக்கு, கட்மியம்:
கண்டறியப்படவில்லை.

"இல்லை எண்டு சொல்லுறியளோ,
உங்கட மிசினுக்குத் தெரியேல்லை எண்டு சொல்லுறியளோ?"

பதினொரு வருடத்தில்
இந்த மேசைக்கு முன்னால்
பரிசோதகர்கூடக் கேட்காத கேள்வி.
பழைய தாளொன்றின் பின்பக்கம் கீறிக் காட்டினேன்:
ஒன்றும் இல்லாத தண்ணீருக்கும்
கருவி சும்மா இராது, நடுங்கிக்கொண்டே இருக்கும்.
அந்த நடுக்கத்தைப்போல் மூன்று மடங்கு உயர்ந்தால்தான்
இருக்கிறது என்போம்.
இதுதான் கோடு.
கோட்டுக்குக் கீழே இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

அவள் ஆச்சரியப்படவில்லை.
"ஒரு கந்தோரில எனக்கு
வருசா வருசம் இந்தச் சொல்லைத்தான் தருகினம்.
கோட்டை எங்க போட்டவை எண்டு
ஒருத்தரும் கீறிக் காட்டேல்ல."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
ஜெயசுதன் குடுவைகளைத் துடைப்பதை நிறுத்தியிருந்தான்.

அறிக்கையை வாங்கி
மூன்று இடத்திலும் அந்தச் சொல்லை வெட்டினேன்.
ஒவ்வொன்றுக்கும் நேரே
இத்தனையிலும் குறைவு என்று
எண்ணைத் தசமத்தோடு எழுதி,
வெட்டிய இடங்களில் கையெழுத்து வைத்தேன்.
ஆறாவது கட்டத்தைத் தொடவில்லை.

மடித்துக் கைப்பையில் வைத்தாள்.
"போத்தலைத் தாங்கோ.
மாரி முடிய ஊற்று மாறும்,
திரும்பக் கொண்டுவாறன்."

காய்ச்சி வடித்த நீரில்
மூன்று தரம் அலசிக் கொடுத்தேன்.
புரிக்குள் சிவப்பு இருந்தது.