ஒரு ஆளுக்கு

ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்
எங்கள் இல்லத்தில் பதினோரு பேர்.
பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்குப்
பள்ளிக்கூடம் திறக்கிற நாளைப் போட்டுவிடுவார்கள்.
வருஷத்தை மட்டும்
மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துச் சொல்லும்
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி.

அந்த எலும்பின் கணக்குப்படி
சுகிர்தாவுக்கு நேற்றோடு பதினெட்டு.

ஒரு டிரங்குப் பெட்டி,
கொடுத்தவர் பெயர் பெயின்ட்டில் எழுதிய தையல் மெஷின்,
சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் ஃபைல்.
கேட்டில் கையெழுத்து.
நாலு வருஷம் முன்னால் நான் போட்ட அதே நீள நோட்டு.
வெளியே போன நேரம்: காலை 9.40.
திரும்பிய நேரம் என்ற கட்டத்தில்
வாட்ச்மேன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

நல்ல வெயில்.
ஓட்டேரியில் ஒரு அம்மா
அப்பா என்ன பண்றார் என்று கேட்டார்.
சுகிர்தா உள்ளதைச் சொன்னாள்.
போன் பண்றேம்மா என்றார்,
நம்பர் வாங்காமலே.

மூன்றரைக்குப் பெரம்பூரில்
மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை.
தண்ணி லாரிக்குத் தனிக் காசு.
அட்வான்ஸுக்கு என் சீட்டுப் பணம்.
வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டினார்,
அவசரம்னா யாரைக் கூப்பிட?
என் பெயர் எழுதினாள், நம்பர் எழுதினாள்.
உறவு என்ற இடத்தில் பேனாவைத் தூக்கிக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
நான் கொடியில் காய்ந்த யாரோ ஒருவர் லுங்கியைப் பார்த்தேன்.
என் தாளில் அந்த இடம் காலியாகவே இருந்தது,
அதற்கென்று ஒரு மாச வாடகை கூடுதலாய் வாங்கினார்கள்.
அக்கா என்று எழுதி
ஊதி ஆற்றினாள்
பால்பாயின்ட் பேனாவின் மையை.

இரவு எட்டரைக்கு போன்.
"அக்கா, ஒரு ஆளுக்கு எவ்ளோ அரிசி?"

எண்பது பேருக்கு அவளுக்குத் தெரியும்.
எட்டுக் கிலோ, ரெண்டு கை உப்பு,
மூடி தூக்க ஆள் ரெண்டு.
முக்கால் டம்ளர் என்றேன்.
முதல் மாசம் முழுக்க வடித்துக் கொட்டி
மூலக்கொத்தளத்துக் காக்காய்களையெல்லாம்
வளர்த்தவள் நான்.
மணி அடிக்காது, விளக்கை நாமேதான் அணைக்கணும் என்றேன்.
ஒரே ஒரு தட்டைக் கழுவும்போது கேட்கிற சத்தத்தைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.

பத்தே காலுக்கு மறுபடி.
பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
அது முடியும்வரை காத்திருந்து கேட்டாள்:
"அக்கா, இங்க கதவ உள்ளேர்ந்தா பூட்டணும்?"

அங்கே எங்களை
வெளியிலிருந்துதான் பூட்டுவார்கள்.

மேல ஒரு தாழ்ப்பா இருக்கும் பாரு.
இரும்பு உரசும் சத்தம்,
நாற்காலி இழுக்கும் சத்தம்,
மறுபடி இரும்பு.
"போட்டுட்டேன்."
போனை அவள் வைக்கவில்லை.
நானும்.